நாற்பதாவது ஆள்

வேட்பாளரின் தேர்தல் அலுவலகத்தில் அவனுக்குச் சல்லடை என்று பெயர். நானூறு வாக்காளர்களைத் தொலைபேசியில் கேட்க வேண்டும். நாற்பது பேராவது கேட்காத கோரிக்கையை வாக்குறுதிப் பட்டியலிலிருந்து தூக்கிவிட வேண்டும். விதியை வகுத்தவன் அவன்தான்.

"எனக்குன்னு என்னப்பா கொள்கை இருக்கு?" என்பார் வேட்பாளர். "போன தடவை பாலம் வேணும்னேன். இந்தத் தடவை பாலமே வேணாங்கறேன். ரெண்டையும் மனசாரத்தான் சொல்றேன்."

மாலைக்குள் பட்டியல் அச்சுக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனையில் இரவிலும் பிரசவம் பார்க்க டாக்டர் வேண்டும் என்று முப்பத்தொன்பது பேர் கேட்டிருந்தார்கள். போன தேர்தலில் பன்னிரண்டு பேர்தான். அப்போது அதை அடித்தவனும் அவனே. எட்டு மாதம் முன்பு, அவன் மனைவிக்கு வலியெடுத்த இரவில் அங்கே டாக்டர் இல்லை. அவளும் போனாள், குழந்தையும் போனது.

கூப்பிட வேண்டிய எண் இன்னும் ஒன்றே ஒன்று.

அவன் சட்டைப்பையில் அவளுடைய கைபேசி அடித்தது. தினமும் அதற்குச் சார்ஜ் போட்டு வந்தான். வாக்காளர் பட்டியலிலும் அவள் பெயர் அப்படியே இருந்தது. போய்ச் சொல்லி நீக்க வேண்டியவன் அவன்தான்; சொல்லவில்லை.

எடுத்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வாக்காளர்களைக் கூப்பிடும் பெண்ணின் குரல் இரண்டு காதிலும் கேட்டது.

"வணக்கம்ங்க. ஒரே கேள்விதான். உங்க ஊருக்கு முதல்ல என்ன வேணும்?"

"ராத்திரியில பிரசவம் பார்க்க டாக்டர்."



"வயசு?"

"இருபத்தாறு."

"எழுதிக்கிட்டேன்ண்ணா."

நாற்பது.

வேட்பாளர் வந்து தாளைப் பார்த்தார். சாவு வீட்டுக்கு வந்து தோளைத் தட்டிக்கொடுத்தவர்தான். எப்படிப் போனாள் என்று கேட்டதில்லை.

"என்ன சல்லடை, இது மயிரிழையில தப்பிச்சிருக்கு? விளிம்புல நிக்கறதைத் திரும்பக் கூப்பிட்டு உறுதி பண்ணணும்னு நீதானே சொல்லுவே. அந்தக் கடைசி ஆளைக் கூப்பிடு. இல்லேன்னா கார் நிறுத்த இடம்னு போட்டுக்கலாம்."

மேசைத் தொலைபேசியில் எண்ணைப் பார்க்காமலே அழுத்தினான். சட்டைப்பை அதிர்ந்தது.

"உன் போன்தாம்ப்பா அடிக்குது. எடுக்கலையா?"

"அவ எடுக்கட்டும்ண்ணே."

மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை கூப்பிட்டான். அதுவும் ஓய்ந்தது.

தாளின் ஓரத்தில் நான்கு கட்டங்கள் உண்டு. எடுக்கவில்லை, மறுத்தார், இடம் மாறினார், இறந்தார். பேனா முதல் கட்டத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு கடைசிக் கட்டத்தில் குறியிட்டான்.

"முப்பத்தொன்பதுண்ணே," என்றான்.