மே மாதத்துப் பேரருவி

…மே மாசமாம், போயும் போயும் மே மாசம். குற்றாலத்துக்கு என்றைக்குப் போகலாம் என்று கேட்டால் 'ம்' என்பதைத் தவிர வேறு பதில் தெரியாத மனுஷன், இன்று காலையில் அதிசயமாய் வாயைத் திறந்தான், திறந்ததும் வந்து விழுந்தது இதுதான்... பட்டினப்பாக்கத்தில் 12பி கிளம்புவது போல உறுமுவதும் அடங்குவதுமாய் நிற்க, ஜன்னலோரத்தில் பையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு டயானா தன் புருஷன் மிக்கேலை மனசுக்குள் கிழிகிழியென்று கிழித்துக்கொண்டிருந்தாள். இன்று செவ்வாய்க்கிழமை, மீன் வாங்க வருகிறவர்களே குறைவு, கடையைப் பக்கத்துக் கடைப் பாஞ்சாலியிடம் ஒப்படைத்துவிட்டு, கையை எலுமிச்சம்பழத்தால் இரண்டு முறை தேய்த்துக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறாள், எதற்கு, தி.நகர் டிராவல்ஸில் போய்த் தேதி சொல்ல. எல்லாம் மகள் மேகலா செய்த ஏற்பாடு. "எம்மா, இருபத்தஞ்சு வருஷம் ஆவுதும்மா ஒங்களுக்கு. குத்தாலம் போயி நல்லா குளிச்சிட்டு, அப்டியே உவரி அந்தோணியார் கோயிலு, கடற்கரைனு நாலு நாளு சுத்திட்டு வாங்க. தி.நகர்ல டிராவல்ஸ்ல ஆஃப்ரீன்னு என் ஃப்ரெண்டு கீறா, நீ தேதி மட்டும் சொல்லு, மத்தத அவ பாத்துப்பா." பெண் அடையாறில் லேப் வேலைக்குப் போய் நாலு காசு பார்த்ததும் அப்பன் ஆத்தாளை ஊர் அனுப்பப் பார்க்கிறாள், நல்ல மனசு, யாருக்குக் கிடைக்கும்... ஜூலைதான் சரி, ஜூலையில்தான் பேரருவியில் தண்ணீர் கொட்டும் என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் மூன்றாவது மாடி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திரும்பாமலே சொன்னான், "மே மாசம் போலாம்மே."

"இன்னா, மறுபடியும் காஞ்ச பாறைய பாக்கவா?" என்று அவள் கத்தினாள். கத்தின வேகத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள், நீ சொல்றத சொல்லிகினு இரு, நான் ஜூலைக்குப் போட்டுட்டு வரேன், போட்ட அப்பால இன்னா பண்ணிடுவே... பஸ் ஒருவழியாய் நகர்ந்தது. மயிலாப்பூர் குளத்தைத் தாண்டி லஸ் பக்கம் வந்ததும் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளமும் நீலத் தகரமுமாய் வண்டி மறுபடி நின்றது. நிற்கட்டும், இவளுக்கு என்ன அவசரம். இருபத்தைந்து வருஷம் என்று மேகலா வாய் நிறையச் சொல்கிறாள், அவளுக்கு என்ன தெரியும். அவன் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர், கடலுக்குப் போனால் பதினைந்து நாள், இருபது நாள், கரைக்கு வந்தால் ரெண்டு நாள் அடித்துப் போட்டது போலத் தூக்கம், எழுந்து குளித்துச் சாப்பிட்டு மறுபடி ஐஸ் ஏற்றப் போய்விடுவான். ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடை விழுந்தால்தான் படகைக் கட்டுவார்கள், படகைக் கட்டினால்தான் குப்பத்தில் கல்யாணம், காதுகுத்து, நேர்ச்சை, டூர் எல்லாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு லீவு விட்ட மாதிரி ஆம்பிளைகள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள். அந்த நாட்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் இவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து குடித்தனம் பண்ணியது நாலு வருஷம் தேறுமா? தேறினால் ஆச்சரியம். முழங்கால் ரெண்டும் மடங்காமல் போய், இனிமேல் படகு வேண்டாம் என்று டாக்டர் சொல்லி, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவன் நிரந்தரமாய்க் கரையேறினபோது டயானா உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள், இனிமே தெனமும் தடைக்காலந்தான் என்று பாஞ்சாலியிடம் சொல்லிச் சிரித்தாளே... சிரித்த வாய்க்கு இப்போது என்ன ஆயிற்று. சோறு போடவா, ம். டிவி போடவா, ம். மேகலா வந்துகினு கீறா, ம். "ஒன் வூட்டுக்காரு வாய்ல முத்து கீதா, தொறந்தா கொட்டிடுமா?" என்று பாஞ்சாலியே கேட்டுவிட்டாள். வீட்டில் ஒரு ஆள் இருந்தும் ஆள் இல்லாத மாதிரி இருப்பது, ஆள் கடலில் இருக்கும்போது இருந்ததைவிட மோசம், இதை யாரிடம் போய்ச் சொல்ல. அதனால்தான் அருவி. அவ்வளவு உயரத்திலிருந்து அவ்வளவு தண்ணீர் தலையில் அடித்தால் யாராயிருந்தாலும் கத்தித்தானே ஆக வேண்டும், கத்துவான், கத்தினால் சிரிப்பான், சிரித்தால் பேசாமலா போய்விடுவான்... அதற்குத் தண்ணீர் வேண்டாமா? மே மாசத்தில் தண்ணீருக்கு எங்கே போவது?

அந்த முதல் தடவை மட்டும் தண்ணீர் இருந்திருந்தால்... தடைக்காலம் என்று ஒன்று வந்த புதுசு அது, படகு நிற்கிறது என்பதற்காகவே அவசர அவசரமாய் நடந்த கல்யாணம், டயானாவுக்கு இருபத்திரண்டு வயசு. உவரி அந்தோணியாருக்கு அவள் அத்தை நேர்ந்துகொண்டது ஒன்று பாக்கி இருந்தது, போய்விட்டு வாருங்கள் என்று ரெண்டு பேரையும் ரயிலேற்றிவிட்டார்கள். போகிற வழியில் குற்றாலம் போகலாம் என்றது இவள்தான். வழியா அது, எந்த வழிக்கு எது வழி, ஆனால் அவர்கள் வீட்டுச் சுவரில் அரிசிக்கடைக் காலண்டர் ஒன்று வருஷம் முடிந்தும் கழற்றாமல் தொங்கியது, அதில் பேரருவி பால் பொங்கின மாதிரி கொட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவள். காலண்டர் படத்தில் கொட்டுகிற தண்ணீருக்கும் ஒரு மாசம் உண்டு என்று யாருக்குத் தோன்றியது? கடலில் என்றைக்குத் தண்ணீர் வற்றியிருக்கிறது, வற்றுகிற தண்ணீர் என்று ஒன்று இருப்பதே கடற்கரையில் பிறந்தவர்களுக்கு நினைவிருக்காது. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நல்லெண்ணெய்ப் பாட்டிலோடு போனாள். லாட்ஜ் ரூமிலேயே மிக்கேலை உட்காரவைத்துத் தலை, தோள், முதுகு, கணுக்கால் வரை தேய்த்தாள், வெட்கப்பட்டுக்கொண்டேதான் தேய்த்தாள், அவனும் வெட்கப்பட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தான். ஆறடி ஆள், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயிலில் பளபளவென்று, வறுக்க எடுத்து வைத்த வஞ்சிரம் துண்டு கணக்காய் அவன் தெருவில் நடந்து வந்தது இப்போது நினைத்தாலும்... டயானாவுக்குப் பஸ்ஸிலேயே சிரிப்பு வந்துவிட்டது, முன் சீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். போய் நின்றால் அருவி இல்லை. பாறை இருந்தது. பாறையில் சீக்காளியின் மூக்குமாதிரி ஒரு ஓரத்தில் கோடாய் ஒரு கசிவு, அவ்வளவுதான். ரெண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன, ஒரு ஈ காக்கை கிடையாது, குரங்குகள் மட்டும் இவர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டன. டயானாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எண்ணெய்க் குளியல் எண்ணெயோடு நின்றது, மறுநாள் உவரிக் கடலில் போய்த்தான் அவன் அதைக் கழுவினான், கழுவக் கழுவப் போகவில்லை.

ஆழ்வார்பேட்டையில் பாதி பஸ் காலியானது, தேனாம்பேட்டையில் மறுபடி நிறைந்தது. அப்புறம் எத்தனை வருஷம் சொன்னான், அடுத்த தபா தண்ணி வர்றப்போ இட்டுகினு போறேன்மே என்று. தண்ணீர் வருகிறபோது அவன் கடலில் இருந்தான். ஜூன் பாதியில் தடை முடிந்தால் ஒரு நாள் தங்குவானா, குற்றாலத்தில் சாரல் என்று டிவியில் காட்டும்போதெல்லாம் இவள் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து வவ்வால் மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு வருஷம் அவன் படகைத் தவிர்த்துவிட்டுக் கூட்டிப்போயிருக்கலாம்... இவள்தான் விட்டாளா? தடை முடிந்து வருகிற முதல் மீன், அதை விட்டுவிட்டு யாராவது ஊர் சுற்றுவார்களா என்று இவளே சொல்லியிருக்கிறாள், ஒரு தடவை இல்லை, ரெண்டு மூன்று தடவை. சரி, அது போகட்டும், போனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது. இந்த ஜூலையில் தடை கிடையாது, படகு கிடையாது, ஒன்றும் குறுக்கே இல்லை, அவனைத் தவிர.

பனகல் பார்க்கில் இறங்கி, துணிக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு, ஒரு சந்துக்குள் மாடியேறி அவள் உள்ளே நுழைந்தபோது ஆஃப்ரீன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். இருபத்துநாலு வயசு இருக்கும், நல்ல களையான முகம், மேகலாவோடு ஒன்றாய்ப் படித்தவள். மீன் வாசனை அடிக்கிறதோ என்று டயானா கையை மடியில் ஒளித்துக்கொண்டாள், ஏசியில் எல்லாம் அடிக்கும், அந்தப் பெண் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை. "உக்காருங்க ஆன்ட்டி, தண்ணி குடிங்க. மேகலா எல்லாம் சொன்னா. ஜூலைதானே? அதான் கரெக்ட், செம்ம தண்ணி இருக்கும். ரூமுக்கு இப்பவே சொல்லி வச்சாத்தான் ஆச்சு." கம்ப்யூட்டரைத் திருப்பிப் படம் காட்டினாள், அதே அரிசிக்கடைக் காலண்டர் அருவி, இப்போது அசைகிறது, கொட்டுகிறது, கீழே கறுப்பு கறுப்பாய்த் தலைகள், எள் விழ இடமில்லை. டயானாவுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. ஓரமாய் ஒரு கம்பித் தடுப்பு தெரிந்தது, அது என்ன என்று கேட்டாள்.

"லேடீஸ் தனி, ஜென்ட்ஸ் தனி ஆன்ட்டி. நடுவுல தடுப்பு போட்டிருப்பாங்க. கூட்டம் ஜாஸ்தியானா போலீஸ் விசில் அடிச்சுக்கிட்டே இருப்பாங்க, கொஞ்ச நேரத்துல வெளிய வந்துடணும். எங்க மீட் பண்றதுன்னு அங்கிள்கிட்ட முன்னாடியே பேசி வச்சுக்கங்க, இல்லாட்டி தேடவே முடியாது."

"அப்போ நானும் அவரும்?"

"நீங்க இந்தப் பக்கம், அங்கிள் அந்தப் பக்கம்."

இந்தப் பக்கம், அந்தப் பக்கம்... அவன் கத்தினாலும் இவளுக்குக் கேட்காது, பக்கத்தில் யாரோ ஒருத்தி கத்துவதுதான் கேட்கும். அவன் சிரித்தால் யாரோ ஒரு ஆம்பிளை பார்ப்பான். ஆஃப்ரீன் ஏதோ வேன் என்றாள், தென்காசி ஸ்டேஷன் என்றாள், டயானா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் காதில் ஏறவில்லை. அன்றைக்குத் தடுப்பு இருந்ததா? இருந்திருக்கும், யார் கவனித்தார்கள், ரெண்டு பேரும் நேராய்ப் போய் அருவி விழுகிற இடத்திலேயே, பாறைமேலேயே உட்கார்ந்தார்கள். விசில் இல்லை, எழுந்து போகச் சொல்ல ஆள் இல்லை. பாறையில் சின்னச் சின்னதாய் லிங்கம் செதுக்கியிருந்தது, தண்ணி இருந்திருந்தா இதெல்லாம் தெரியாதுமே, இங்க பாரு என்று அவன் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டினான். இவள் பார்க்கவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். ஆமாம்... பேசினான். வெயில் ஏறி, நிழல் மாறி, குரங்குகள்கூட அலுத்துப் போய் மரத்தில் படுத்த பிறகும் பேசினான், கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகாத புதுப் பொண்டாட்டியிடம், எண்ணெயில் ஊறின உடம்போடு, அத்தனை நேரம். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, அவன் வாழ்க்கையில் மொத்தமாய்ப் பேசினதே அன்றைக்குத்தான். என்ன பேசினான்? டயானா கண்ணை மூடி இழுத்து இழுத்துப் பார்த்தாள், லிங்கம் வந்தது, குரங்கு வந்தது, தன் அழுகை வந்தது, அவன் பேச்சு வரவில்லை. ஒன்றே ஒன்று வந்தது. "எனுக்குக் கடல்னா..." என்று ஆரம்பித்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு, யாரும் இல்லாத இடத்தில் எதற்குத் தாழ்த்த வேண்டும், தாழ்த்தித்தான் சொன்னான், "எனுக்குக் கடல்னா..." அப்போது பார்த்து இவள் மேலே கையைக் காட்டினாள், அங்க கொஞ்சம் தண்ணி வர்ற மாரி கீது பாரு என்று. அவன் அண்ணாந்து பார்த்தான். இல்லமே என்றான். அப்புறம் பேசவில்லை.

"எட்டாம் தேதி போட்டுடவா ஆன்ட்டி?" என்றாள் ஆஃப்ரீன்.

"மே மாசம் போடும்மா."

"ஐயோ, மே மாசம் அங்க ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது ஆன்ட்டி!"

"தெரியும் கண்ணு."

ஆஃப்ரீன் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேகலாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கறேன் என்று எழுந்து போனாள். கேட்கட்டும். அந்தப் பாறையில் உட்கார்ந்து பேசத்தான் அவன் மே மாசம் என்றானா, இல்லை, வேறு மாசத்தில் ஊருக்குப் போய்ப் பழக்கமே இல்லாத வாய்க்கு வந்தது அந்த ஒரு மாசந்தானா? போய் உட்கார்ந்தால் பேசுவானா, விட்ட இடம் அவனுக்காவது ஞாபகம் இருக்குமா? கடல்னா என்ன, பிடிக்குமா, பயமா, வெறுப்பா... பயம் என்றால், பயந்துகொண்டேவா அத்தனை வருஷமும் இருபது இருபது நாள் போய்க் கிடந்தான், இப்போது நாற்காலி போட்டு வராந்தாவில் எதைப் பார்க்கிறான்? செவுளைத் தூக்கிப் பார்த்தே மீன் பிடிபட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுகிறவள் டயானா, இது தெரியவில்லை அவளுக்கு, தெரியாமலே இருபத்தைந்து வருஷம் அவன் கொண்டுவந்த மீனை விற்றிருக்கிறாள்.