பின்னறைச் சுவர்

பிழிகிற தண்ணீர் பக்கெட்டில் விழும் சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று, துண்டின் நுனியைப் பக்கெட்டின் உட்பக்கத்தோடு ஒட்டிவைத்துப் பிழிந்தாள். சுவரின் சுண்ணாம்பும் வண்ணமும் கரைந்து, தண்ணீர் பழுப்பாக வழிந்தது. முன்னறையில் அண்ணி துணி தைத்துக்கொண்டிருந்தாள். மோட்டார் வைத்த தையல் மிஷின் ஓடும்போது இவள் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தரையைத் துடைத்தாள். மிஷின் நின்றால் இவளும் அப்படியே நின்றாள், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு.

புருஷன் வீட்டை விட்டு ஒற்றைப் பையோடு வந்தவளுக்கு அண்ணன் ஒழித்துக் கொடுத்த அறை இது. வந்த புதிதில் மேல்மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் அது கொஞ்சம் கீழே இறங்கியது. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் புருஷன் வீட்டில் எதற்கு வாயைத் திறந்தாலும், குறை சொல்வதே இவளுக்குப் பிழைப்பு என்று பேர். இங்கேயும் ஆரம்பித்தால், இடம் கொடுத்த வீட்டிலேயே நொட்டை சொல்கிறாள் என்றாகும். அதோடு, ஒருநாள் சமையலறையில் அண்ணி தாழ்ந்த குரலில் அண்ணனிடம் கேட்டது இவள் காதில் விழுந்திருந்தது: "எத்தனை நாளைக்கு இப்படி?" அன்றைக்கே அலமாரியை நகர்த்திக் கறையை மறைத்தாள். ஈர வாடை வெளியே போகாமல் கதவையும் சாத்தியே வைத்துக்கொண்டாள்.

இன்று மதியம் பிடித்த மழை விடவே இல்லை. கறை அலமாரியைத் தாண்டி, சுவிட்ச் போர்டை நோக்கி நீண்டிருந்தது. மூலையில் மேற்கூரைப் பலகை வயிறு மாதிரி உப்பித் தொங்கியது. இவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர்டுக்குள் சிர்ரென்று ஒரு சத்தம். விளக்கு மினுங்கியது. முன்னறையில் மிஷின் விக்கி விக்கி நின்றது. செருப்புச் சத்தம் நெருங்கியது.

"உள்ள என்ன பண்றே? கரண்ட் ஏன் இப்படி விட்டு விட்டு வருது?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"கதவைத் திற."

திறந்தாள். அண்ணி பக்கெட்டைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், பிறகு அலமாரியின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் சுவர் முழுக்க வண்ணம் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி உரிந்திருந்தது. அண்ணி விறுவிறுவென்று போய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பின்கதவைத் திறந்து மழையில் இறங்கினாள். இவளும் பின்னாலேயே ஓடினாள்.

கூரை விளிம்பில் ஓடும் தகர வாய்க்கால் நிரம்பி, நீளத்துக்கும் தண்ணீர் திரை போட்டதுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. பாதி வெளியே விழுந்தது. மீதி வாய்க்காலுக்குப் பின்பக்கமாக வழிந்து சுவருக்குள் போனது. மூலையில் தரைக்கு இறங்கும் குழாயின் வாயில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. அண்ணி குழாயைத் தட்டிப் பார்த்தாள். வெறும் குழாயின் சத்தம்.

"மேல அடைச்சிருக்கு. எத்தனை மழையா இப்படி?"

"நான் வந்ததுல இருந்தே."

"அப்புறம் ஏன் வாயத் திறக்கலே?"

"எத்தனை நாளைக்குன்னு அண்ணன்கிட்ட கேட்டீங்கல்ல. காதுல விழுந்துச்சு."

அண்ணி முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்து எறிந்தாள். "கேட்டேன். இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்காக கரண்ட் பாயற சுவத்துக்குப் பக்கத்துல உன்னப் படுக்கச் சொன்னேனா? எந்நேரமும் கதவைச் சாத்திட்டுக் கிடந்தியே, என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலேன்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்."

இவள் போய், கொட்டகைச் சுவரில் சாய்ந்திருந்த ஏணியை எடுத்து வந்தாள்.

"மழை விடட்டும்டி."

"அதுக்குள்ள மேல் பலகை ஊறி விழுந்துரும் அண்ணி."

"அப்ப நான் ஏர்றேன், நீ பிடி."

"முட்டி வலியோடயா? தள்ளுங்க."

"நீ விழுந்து வெச்சா உங்க அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?"

"விழுந்தா ஒரு பாரம் குறையும்."

"அறைஞ்சிருவேன்," என்றாள் அண்ணி, குரலை உயர்த்தாமல். "பேசாம ஏறு."

அண்ணி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். இவள் மேலே போனதும் காற்று முகத்தில் அறைந்தது. வாய்க்கால் நிறைய மட்கிய இலை, கறுத்துப் போய், சேறும் சருகும் பிரித்தறிய முடியாதபடி இறுகியிருந்தது. நடுவில் ஒரு செடிகூட முளைத்திருந்தது. பிடுங்கினால் வேரோடு ஒரு பாய் போலக் கிளம்பி வந்தது. அள்ளி அள்ளிக் கீழே வீசினாள். குழாய் இறங்கும் ஓட்டைக்குக் கை எட்டவில்லை. ஒரு காலை ஏணியில் ஊன்றி, உடம்பை நீட்டி, மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவினாள். விரலில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பற்றி இழுத்தாள்.

உள்ளே தண்ணீர் உறிஞ்சிக்கொண்டு இறங்கிய அதே நொடியில் ஏணி ஆடியது. இத்தனை மழையும் கொட்டிக் கொட்டிச் சுவரோரத்து மண் குழைந்து கிடந்திருக்கிறது. ஏணியின் ஒரு கால் அதில் புதைந்தது. இவள் கை தன்னால் வாய்க்காலுக்குப் போனது.

"தகரத்தப் பிடிக்காதே! பேத்துக்கிட்டு வந்துரும்!" கீழே இருந்து அண்ணியின் அலறல். "கீழ காலை வை! என் மேல வை!"

கீழே பார்க்கத் துணிவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காலை இறக்கினாள். பாதத்தின் அடியில் மெத்தென்று ஒரு தோள். அது நடுங்கியது, ஆனால் தாழவில்லை. "இன்னொரு காலு. மெதுவா. நான் இருக்கேன்ல," என்று பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணி சொன்னது கேட்டது.

எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. இருவரும் சேற்றில் உட்கார்ந்திருந்தார்கள். ஏணி சரிந்து செடிகளின் மேல் கிடந்தது. பக்கத்தில் குழாய் கரகரவென்று இருமிவிட்டு, கறுப்பாக ஒரு வாய் துப்பியது. பிறகு விடாமல் கொட்டத் தொடங்கியது. அண்ணி தன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை கிழிந்து, ஏணி உராய்ந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது.

"வலிக்குதா அண்ணி?"

"வலிக்காம?"

உள்ளே கைப்பேசி அடித்தது. அண்ணி நொண்டியபடி போய் எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். திரையைப் பார்த்துவிட்டு இவள் பக்கம் நீட்டினாள்.

"உங்க அண்ணன். நீ பேசு."

"நானா? என்ன சொல்றது?"

"ரூம் ஒழுகுது, சுவரு கெட்டுப் போச்சு, ஆளக் கூட்டிட்டு வான்னு சொல்லு. குறை சொல்லு, வாயார. உன் ரூம்தானே?"

இவள் விரலைப் புடவையில் துடைத்தாள். புடவையும் ஈரம். திரையில் தேய்த்தாள், அழைப்பு எடுபடவில்லை, ஈரத்தில் கட்டைவிரல் வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி தேய்த்தாள். கண்ணாடியின் மேல் மட்கிய இலையின் ஒரு கீற்று ஒட்டிக்கொண்டது. அதற்கு அடியில் அண்ணனின் பெயர் விட்டு விட்டு ஒளிர்ந்தபடி இருந்தது.