இடது பாதையில் ஒரு தழை

இடது பாதையில் பச்சைத் தழை ஒன்று, அதன் மேல் ஒரு கல், இலை நுனியில் பனி சொட்டாமல் நிற்கிறது, முப்பத்தொரு வருஷமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏலத்தோட்டத்துக்கு ஏறும்போது என் கண் முதலில் தேடுவது இதைத்தான், திரும்பினால் பாதாளத்தில் பரந்து கிடக்கும் போடி ஊரையோ, வெயிலில் தகடாக மின்னும் கண்மாய்களையோ நான் பார்த்ததில்லை. இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது, இடது தோட்டத்து ஆபீசுக்கு, வலது பாறை விளிம்போடு போய் ஓடைச் சரிவில் முடிகிறது, மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் முன்னால் போகிறவன் தான் போகும் பாதையில் தழை ஒடித்துப் போட்டுக் கல் வைக்க வேண்டும், பின்னால் வருகிறவன் பகையாளியானாலும் சரி, இந்த மலையில் ஏறுகிற யாரும் மீறாத ஒழுங்கு அது. முப்பத்தொரு வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, அன்று முன்னால் போனவன் நான். பின்னால் போதுராஜா, என் சேக்காளி. சூப்பர்வைசர் வேலை ஒன்று, வரச்சொன்ன ஆள் இரண்டு, பத்து மணிக்குள் ஆபீசில் நிற்க வேண்டும், அவன் மனுவையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன், தேதி ஓரத்தில், பொருள் நடுவில், பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தபடி அடித்தல் திருத்தல் இல்லாமல், எழுதும்போதே தெரியும், ஏலக்காயை விரலில் உருட்டியே ஈரம் சொல்கிறவன், நேரில் பார்த்தால் அவனைத்தான் எடுப்பார்கள். செருப்பு வாரு அந்துருச்சுடா மாப்ள, நீ முன்னால போ, மஞ்சு எறங்குது, மறக்காமத் தழையப் போட்டுட்டுப் போ என்றான், சரிடா என்றேன், போடவும் செய்தேன், இடது பாதையில்தான் போட்டேன், பத்தடி நடந்தேன், நின்றேன், திரும்பி வந்து தழையை எடுத்து வலது பாதையில் போட்டேன், கல்லையும் எடுத்து அதன் மேல் வைத்தேன்.

நாலு மணிக்கு வந்தான், முழங்கால் கிழிந்து, கையில் ஒற்றைச் செருப்போடு, அதற்குள் நான் வேலையில் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருந்தேன், என்னடா ஆச்சு என்று கேட்டேன், எந்த வாயால் கேட்டேனோ, அவன் டீயை ஊதிக் குடித்தபடியே, காத்துல தழை நகந்துருச்சு போலடா, கல்லோட சேந்து என்றான்.

அதன் பிறகு கழுதை ஓட்டி ஏலமூட்டை இறக்கினான், அடுத்த திங்கட்கிழமை எனக்கு முன்பே ஏறிப் போயிருந்தான், இடது பாதையில் தழை கிடந்தது, அதற்கடுத்த திங்கட்கிழமையும், மழையானாலும் பண்டிகையானாலும், எதிரே வந்தால், என்ன சூப்பர்வைசர் சார், வழி தெரிஞ்சுச்சா என்பான், கழுதைகளும் நின்று என்னைப் பார்க்கும், கனவில் அவன் வலது பாதையில் போய்க்கொண்டே இருக்கிறான், மாப்ள என்று கூப்பிடுகிறேன், கழுதைகள் மட்டும் திரும்புகின்றன. எத்தனையோ முறை அவனுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், தேதி ஓரத்தில், பொருள் நடுவில், பொருளுக்கு எதிரே என்ன எழுதுவதென்று தெரியாமல் எல்லாத் தாளும் அங்கேயே நின்றன.

போன வியாழக்கிழமை பாடையில் அவனை எடுத்தார்கள். அவன் மனைவி ஒச்சம்மாள் என்னிடம், திங்கக்கெழமையானா வீட்ல இருக்க மாட்டாருண்ணே, என் சேக்காளிக்குப் பாதை மறந்துபோகும், பாவம்னு சொல்லுவாரு, அம்புட்டுப் பிரியம் ஒங்க மேல என்று அழுதாள், நான் தலையாட்டினேன்.

இன்று திங்கட்கிழமை, மஞ்சு இறங்குகிறது, இடது பாதையில் போன வாரத்துத் தழை சருகாகிக் கிடக்கிறது, கல் அப்படியே இருக்கிறது, குனிந்து எடுத்தேன், கல் அமுக்கியிருந்த இடத்தில் மட்டும் இலை இன்னும் பச்சையாக இருந்தது.