எட்டாம் இருக்கையில் ஒரு பை

ஓட்டுநர் தன் இடத்தில். அவருக்குப் பின்னால் முதல் வரிசையில் ஜன்னலோரம் என் மனைவி. அவளை ஒட்டி நான், மடியில் வருகைப் பதிவேடு. எதிர்ப்பக்கம் ஆலையின் சமையல்கார அம்மா, காலடியில் இரண்டு தண்ணீர்க் கேன். எங்களுக்குப் பின்னால் ரம்பம் ஓட்டுகிறவர். ஆலையில் அவரை எல்லோரும் ரம்பம் என்றுதான் கூப்பிடுவோம். அது அவர் பார்க்கும் வேலைக்காக மட்டும் வைத்த பேர் இல்லை. அதற்குப் பின்னால் பலகை அடுக்கும் பெண்கள் பதினோரு பேர். எட்டாம் இருக்கையில் பாய்லர்காரர், என் மனைவியின் தம்பி. கடைசி நீள இருக்கையில் லோடு ஏற்றும் ஆட்கள் ஆறு பேர், நெருக்கியடித்துக்கொண்டு.

ஆக மொத்தம் இருபத்து மூன்று. செவ்வாய்க்கிழமை பகல் ஒன்று பத்துக்கு மர ஆலை வாசலில் நான் எழுதிய பட்டியல் இது. இதில் ஒரு வரி தவறு. எட்டாம் இருக்கையில் இருந்தது பாய்லர்காரரின் பை.

எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆலைக்குள் நுழைய மூன்று வழி உண்டு. யார் எந்த வழியாக வந்தாலும் முதலில் என் அறைக்கு வெளியே உள்ள சுவருக்கு வந்து, அவரவர் எண் போட்ட ஆணியில் சாப்பாட்டுப் பையை மாட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். நான் ஏழே முக்காலுக்கு வெளியே வந்து ஆணிகளைப் பார்ப்பேன். பை இருந்தால் ஆள் இருக்கிறார். முகத்தைப் பார்க்க வேண்டிய தேவையே வந்ததில்லை. இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் எழுதினேன். என் பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது. முதலாளி வெளியாட்களிடம் அதை எடுத்துக் காட்டுவார்.

அந்த வாரம் நான்கு நாட்களாகக் காற்று மலைப் பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பங்கரைக் கதவைத் திறந்தால் முகத்தில் அறையுமே, அந்தச் சூடு; பகல் முழுவதும், ஓயாமல். உதடு வெடித்தது. தாழ்ப்பாளைத் தொட்டால் சுரீரென்றது. மரத்தூள் தரையில் உட்காரவே இல்லை, அந்தரத்திலேயே திரிந்தது. காட்டில் தீ என்று திங்களன்றே சொன்னார்கள், ஆனால் அது இரண்டு மலை தள்ளி. செவ்வாய் மதியம் சாப்பாட்டு வேளையில் மலையின் இந்தப் பக்கச் சரிவில் புகை எழுந்தது. வனத்துறை ஜீப் ஒன்று ஒலிபெருக்கியோடு வந்து, பத்து நிமிடத்தில் எல்லோரும் கிளம்ப வேண்டும் என்றது.

பேருந்து வந்ததும் வழக்கம் போல இடம் பிடிக்கிற அமளி. ஜன்னல் வழியாகப் பைகள் உள்ளே விழுந்தன. நான் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால் மைத்துனரின் குரல் கேட்டது.

"மாமா, எட்டுல இடம் போட்டாச்சு. யாரும் உக்காராம பாத்துக்குங்க. நான் நீராவிய இறக்கி விட்டுட்டு வந்துடறேன். அப்படியே விட்டா பாய்லர் வெடிச்சிடும்."

நான் தலையை ஆட்டினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு ஏறி, இருக்கை இருக்கையாகப் பார்த்து எழுதினேன். எட்டாம் இருக்கையில் நீலக் கித்தான் பை. அறுந்த வாரை அவர் மனைவி சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்திருந்தாள். அந்தப் பையைத் தினமும் பதினேழாம் ஆணியில் பார்க்கிறேன். கை தானாகக் குறியைப் போட்டுவிட்டது.

"தம்பி ஏறிட்டானா?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஏறிட்டான்" என்றேன்.

ஓட்டுநரிடம், "எல்லாரும் இருக்காங்க, எடுங்க" என்றேன். அவர் எடுத்தார்.

வழியில் பாலத்தருகே மரம் விழுந்து கிடந்ததால் முக்கால் மணி நேரம் நின்றோம். பின்னால் வந்த இன்னொரு பேருந்துக்குப் பெண்கள் நாலு பேர் மாறிப் போனார்கள். நாலரை மணிக்கு அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தின் பெரிய கூடத்தில் இறங்கியபோது கையில் பை இருந்தது, ஆள் இல்லை.

நிவாரண அதிகாரியம்மா வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். என் பட்டியலை வாங்கிப் பார்த்து, முதன்முறையாக ஒழுங்கான பட்டியல் ஒன்று வந்திருக்கிறது என்றார். பாய்லர்காரரைக் காணோம் என்று என் மனைவி சொன்னதும் பேனாவால் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார்.

"ஏறினதுக்குக் குறி இருக்கேம்மா. பாலத்துல வண்டி மாறியிருப்பாரு. இன்னும் ஆறு முகாம் இருக்கு, விசாரிக்கச் சொல்றேன். ஏறின ஆளைத் தேடி ஆலைக்கு ஆள் அனுப்ப முடியாது. போறவங்க உயிரும் உயிர்தானே."

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவும் செய்தேன். அதற்குள் ரம்பம் முந்திக்கொண்டார்.

"பாலத்துல பாத்தேனே நானு. எங்கிட்டதான் தீப்பெட்டி கேட்டாரு. சுத்தி நெருப்பு எரியுது, உனக்குத் தீப்பெட்டி கேக்குதான்னு நானே கிண்டல் பண்ணேன்."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவிகூட. நான் அந்தச் சிரிப்புக்குள் ஒதுங்கிக்கொண்டேன். கடைசி நொடியில் ஓடி வந்து ஏறியிருக்கலாம், நான்தான் கவனிக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதிவேடும் சரி, ஆளும் உயிரோடு. இரண்டையும் ஒரே பேச்சில் ரம்பம் எனக்குக் கொடுத்துவிட்டார்.

புதன்கிழமை முழுவதும் உட்காரவே முடியவில்லை. கூடத்தின் தகர ஜன்னல்கள் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தன. ஒன்றைச் சாத்திக் கயிறு கட்டினால் இன்னொன்று பிய்த்துக்கொண்டது. சாம்பல் தட்டில் விழுந்தது, தண்ணீரில் மிதந்தது. வாசலுக்கும் மேடைக்கும் நடந்தேன், நாற்பத்தாறு எட்டு. திரும்ப நாற்பத்தாறு. சமையல்கார அம்மா என்னைப் பார்த்து, "தரை தேஞ்சா பள்ளிக்கூடத்துக்காரங்க உங்களைத்தான் கேப்பாங்க" என்றார்.

தொலைபேசிக் கோபுரங்கள் எரிந்துவிட்டதால் வெளியே பேச வழியில்லை. காலையும் மாலையும் வருகிற தண்ணீர் லாரிதான் எங்கள் தபால். பாய்லர்காரரின் மனைவி, தன் மகளின் பிரசவத்துக்காகக் கடலோர நகரத்தில் இருந்தாள். எனக்குத் தங்கை முறை. அவளுக்கு எழுத உட்கார்ந்தேன். மேலே வலது பக்கம் இடம், நாள். அடுத்து நலம் விசாரிக்கிற வரி. பேனா அந்த இடத்திலேயே நின்றது. நாலு தாளைக் கசக்கினேன்.

மாலையில் ஆறு முகாமிலிருந்தும் பதில் வந்தது. எதிலும் அவர் இல்லை. "தம்பி இப்படித்தாங்க, சொல்லாம எங்கயாவது இறங்கிடுவான்" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு, கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல், பையைத் திறந்து உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். சாப்பாட்டு டப்பா, பிரிக்காதது. ஒரு துண்டு. மாத்திரை அட்டை. மூக்குக்கண்ணாடி.

கண்ணாடியை விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்தாள்.

"இது இல்லாம அவனுக்குப் பஸ் நம்பர் தெரியாது. பாலத்துல இறங்கி இன்னொரு வண்டிக்குப் போறவன் இதை விட்டுட்டா போவான்?"

நான் ரம்பத்தைத் தேடிப் போனேன். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"நிசமா பாத்தீங்களா?"

"எதை?"

"பாலத்துல. தீப்பெட்டி."

ரம்பம் முகத்தைத் துடைத்தார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அதுவே முதல் தடவை. "கேட்டாரு… கேட்டது நிசம். அது பாலத்துலயா, திங்கக்கிழமை ஆலையிலயான்னு இப்பக் கொழப்பமா இருக்கு. அன்னைக்கு அக்கா மூஞ்சியப் பாத்து ஏதோ சொல்லிட்டேங்க."

வியாழன் காலை ஆறு மணிக்கு அதிகாரியம்மா மேசைக்கு வருமுன்பே நான் அங்கே நின்றேன். என் மனைவியையும் கூட்டிப் போயிருந்தேன். இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லத் தைரியம் இல்லை.

"அந்தப் பட்டியல்ல பதினேழாவது ஆள் ஏறல. நான் ஆளைப் பாக்கல, பையைப் பாத்துக் குறி போட்டேன். பாய்லரை இறக்கிட்டு வரேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. ஆலையிலதான் இருக்காரு."

அதிகாரியம்மா அந்த வரியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் 'ஏறவில்லை' என்று எழுதி, என்னிடம் நீட்டிக் கையெழுத்து வாங்கினார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம். நேத்துக் காலையில காத்து கொஞ்சம் அடங்கியிருந்துச்சு. ஒரு வண்டி போச்சு அந்தப் பக்கம். ஆலை வாசல் வழியாத்தான் போச்சு."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை.

என் மனைவி கூடத்துக்குள் போய், எங்கள் பாயிலிருந்து தன் போர்வையை எடுத்துக்கொண்டு சமையல்கார அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அன்று பகல் முழுவதும் காற்று குறையவில்லை. மீட்பு ஆட்கள் நால்வர் வாசலில் வண்டியோடு தயாராக நின்றார்கள். வயர்லெஸ்ஸில் "பொறு, பொறு" என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கொடிக்கம்பத்தின் கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. ஒரு தரம் கயிறு தொய்ந்தது. ஓடிப் போய்ச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மறுபடி விறைத்துக்கொண்டது. "அண்ணே, நீங்க போய் உக்காருங்க, நாங்களும் அதைத்தான் பாத்துட்டிருக்கோம்" என்றார் அவர்களில் ஒருவர். எனக்கு உட்கார்வது எப்படி என்பதே மறந்துபோயிருந்தது.

வெள்ளி விடிந்ததும் வண்டி போனது. பத்தே காலுக்கு வயர்லெஸ் பேசியது. அதிகாரியம்மா எழுந்து நின்று கேட்டார். கேட்டபடியே என் மனைவியைக் கையால் அழைத்தார்.

ஆள் உயிரோடு இருக்கிறார். மரத்தடிகளை ஊறப்போடுகிற தொட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் இருந்திருக்கிறார், சுற்றிலும் தடிகள் எரிய எரிய. தீ அடங்கியதும் ஏறிவந்து வாசலில் படுத்திருக்கிறார். நேராக மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

கூடம் முழுவதும் எழுந்துவிட்டது. பலகை அடுக்கும் பெண்கள் அழுதார்கள். ரம்பம், "நான் அப்பவே சொல்லல?" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை காலை, தண்ணீர் லாரிக்காரர் ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நீராவி வால்வைத் திறக்கும்போதே இடது கை வெந்துவிட்டதாம். மூன்று நாள் அழுக்குத் தண்ணீரிலும் சாம்பலிலும் கிடந்து சீழ் பிடித்து, இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. புதன்கிழமையே கொண்டுவந்திருந்தால் விரல் தப்பியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

"ஆளு தெளிவாத்தான் பேசறாரு. வண்டியில அந்த எட்டாவது சீட்டுல யாராச்சும் உக்காந்தாங்களான்னு கேட்டாரு. மாமாவைக் காவலுக்கு வெச்சிட்டுப் போனேன்னு சொன்னாரு."

"வேற ஏதாவது சொன்னாரா?"

"பாய்லர் நல்லாத்தான் இருக்காம்."

கடலோர நகரத்துக்கு வயர்லெஸ் வழியாகச் செய்தி போய்விட்டது. தங்கையும் புறப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டிருக்கிறாள். இனி அவளுக்குக் கடிதம் தேவையில்லை. அதிகாரியம்மாவும் அப்படித்தான் சொன்னார்: "திருத்தின பட்டியல் என் ஃபைலுக்குள்ள இருக்கு. யாரும் கேக்கப் போறதில்லை. விடுங்க."

நான் உட்கார்ந்தேன். ஐந்து நாளில் முதன்முறையாக, எழவேண்டும் என்று தோன்றாமல். மேலே இடம், நாள். நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிட்டேன்.

'தங்கச்சி, உன் வீட்டுக்காரருக்கு இரண்டு விரல் போனது நெருப்பால் மட்டும் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்' என்று தொடங்கி, பேருந்தில் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்து எழுதினேன். ஒன்று பத்துக்கு அவர் சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே எழுதினேன். நாலரைக்கு நான் சொல்லாததை எழுதினேன். புதன் காலை ஆலை வாசலைத் தாண்டிப் போன வண்டியையும் எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தையை ஓரிடத்தில் எழுதி, கேட்பது அவளுக்குப் பாரமாக இருக்கும் என்று அடித்தேன். அந்தக் கடிதத்தில் அடித்தல் திருத்தல் ஏழு இடம். படியெடுக்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

நிழல் விழுந்தது. என் மனைவி நின்றிருந்தாள். வியாழனுக்குப் பிறகு இவ்வளவு பக்கத்தில் வரவில்லை.

"படிங்க" என்றாள்.

படித்தேன். முடியும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று நின்றிருந்தது, தகரம் சும்மா தொங்கியது.

"இன்னும் ஒண்ணு எழுதுங்க. ஏறிட்டானான்னு நான் கேட்டேன்னு."

"எழுதியிருக்கேன்."

"கேட்டுட்டு, நான் திரும்பிப் பாக்கலன்னும் எழுதுங்க. ஏழு சீட்டு தள்ளித்தான். கழுத்தைத் திருப்பியிருந்தா போதும்."

"அது உன் தப்பு இல்ல."

"தப்புன்னு யாரு சொன்னா? நடந்ததை எழுதறீங்கல்ல, எழுதுங்க."

எழுதினேன். தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். உறையில் பசை இல்லை. அவள் முதலுதவிப் பெட்டியிலிருந்து பிளாஸ்திரியைக் கொண்டுவந்து, பல்லால் கடித்துக் கிழித்து, உறையின் வாயில் குறுக்கே ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு தரம் தேய்த்தாள்.

வாசலில் லாரிக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். நீலப் பையை முதலில் கொடுத்தேன், கண்ணாடி உள்ளே இருக்கிறது என்று சொல்லி. பிறகு கடிதம். அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கும் அடிபட்டுடுச்சா?"

"அவங்க கையிலயே குடுத்துடுங்க" என்றேன். "ஆளைப் பாத்துக் குடுங்க."

அவர் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.