ஓடைக்கு மேற்கே நாற்பத்திரண்டு வீடுகள்

சேலத்திலிருந்து சங்ககிரி போகும் சாலையில், ஐந்தாவது மைலைத் தாண்டினால் கல்லோடைப்பேட்டை. கிழக்கே ரயில் பாதை, வடக்கே மொட்டைக் கரடு என்ற குன்று. நடுவில் கடைத்தெருவும் நெசவாளர் தெருக்கள் மூன்றும். மேற்கே மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் ஓடும் ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால், புறம்போக்கில், கூலிக்குத் தறி நெய்பவர்களின் வீடுகள் நாற்பத்திரண்டு.

1931ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு அந்த ஊரில் ராயப்பனை நியமித்தார்கள். அவர் பஞ்சாயத்து போர்டு பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மனைவி இன்னாசிமேரியோடு சேலத்திலிருந்து அங்கே வந்தபோது, வேதக்காரரான கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வாடகைக்கு வீடு தர யாரும் முன்வரவில்லை. நூல் வியாபாரி தண்டாயுதபாணிதான் தன் வீட்டின் பின்கட்டைத் தந்தார். இன்னாசிமேரிக்குப் பிரசவம் சிக்கலானபோது, வண்டியைப் பூட்டிக்கொண்டு அவரே சேலம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார். அவர் பஞ்சாயத்து போர்டு தலைவரான பிறகும், சாயங்காலம் இருவரும் ரயில் பாதை வரை பேசிக்கொண்டே நடந்துவிட்டு வருவது வழக்கம்.

அப்படி நடக்கும்போதுதான் ஒரு நாள் அவர் கேட்டார்.

"ஓடைக்கு அந்தாண்ட குடிக்கத் தண்ணியில்லாம தவிக்கறாங்க, வாத்தியாரே. சர்க்கார் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்க தனியா ஒரு படம் போட்டுக் குடுங்க. எந்த ஊட்ல எத்தனை பேரு, எத்தனை வருசமா இருக்காங்கன்னு எழுதிருங்க. மனுவோட சேர்த்து அனுப்புனா கெணறு வந்துரும்."

ராயப்பனுக்கு மனசு நிறைந்துவிட்டது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், பூசைக்குக்கூடப் போகாமல், ஓடையைத் தாண்டிப் போய் வீடு வீடாக உட்கார்ந்து எழுதினார்.

பதினேழாவது வீட்டில் நல்லம்மாள் தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தாள். புருஷனை இழந்தவள். இரண்டு பெண் பிள்ளைகள்.

"எத்தனை வருசம்னு எதுக்குங்க கேக்கறீங்க? வரி போடறதுக்கா?"

"வரி இல்லம்மா. கெணறு கேட்டு எழுதறோம்."

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "அப்பொ ஏழு வருசம்னு போட்டுக்குங்க சாமி. அதுக்கு மேல வேண்டாம்."

ராயப்பன் ஊருக்கு வந்த நாளிலேயே அந்த வீடு இருந்தது. அவள் புருஷன் வாசலில் பாவு போட்டுக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஆனாலும் ஏழு என்றே எழுதினார். வரிக்குப் பயந்து சொல்கிறாள், கிணற்றுக்கு இது ஒரு பொருட்டா என்று நினைத்தார். அடுத்தடுத்த வீட்டுக்காரர்களும் அதைக் கேட்டுவிட்டு ஆறு என்றும் எட்டு என்றும் சொன்னார்கள்; முன்பே எழுதியிருந்த பதினாறு வீட்டாரும் வந்து வருஷத்தைக் குறைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிப் படத்தைக் கொடுத்தார்.

ஆனி மாதத்தில் ரெவினியூ இன்ஸ்பெக்டர் வந்தார். ஓடைக்கரையில் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு காகிதத்தை விரித்தார். அது ராயப்பன் போட்ட படம். நெடுநாள் குடியிருந்த உரிமை இல்லாமல், சமீப வருஷங்களில் வந்து புறம்போக்கை ஆக்கிரமித்தவர்கள் என்று சொல்லி, இடத்தைக் காலி செய்து சாயப்பட்டறைக்கு விடும்படி பஞ்சாயத்து போர்டு மனுச் செய்திருந்தது. இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு பெயராகப் படித்தார். "பதினேழு. நல்லம்மாள். மூன்று பேர். ஏழு வருஷம்." இந்த வெள்ளிக்கிழமை சாவடியில் விசாரணை என்று சொல்லிவிட்டுப் போனார்.

ராயப்பன் நேராக நூல் கடைக்குப் போனார். தண்டாயுதபாணி நூல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கெணத்துக்குன்னுதானே கேட்டீங்க?"

"கெணறும் வரும். பட்டறைக்குத் தண்ணி வேண்டாமா?" அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. "ஊரு பெருசாவணும் வாத்தியாரே. அந்தப் பொட்டக்காட்டுல நாலு குடிசைய வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அவங்க என்னை நம்பிச் சொன்னாங்க."

"நீங்க எழுதுனதுதானே. நான் ஒரு எழுத்து மாத்துனனா?"

மாற்றவில்லைதான். ராயப்பன் கடையை விட்டு இறங்கினார். அந்தப் பின்கட்டுக்குத்தான் அவர் திரும்பிப் போகவேண்டியிருந்தது. இன்னாசிமேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வேற வீடு பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சாவடியில் ராயப்பன் எழுந்து நின்றார். "அந்த வருஷக் கணக்கு தப்புங்க. நான் வந்தே ஒன்பது வருஷம். அதுக்கு முன்னாலயே அவங்க அங்க இருந்தாங்க."

"அப்படியானால் தெரிந்தே பொய் எழுதினீர்களா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமாங்க. தெரிஞ்சேதான் எழுதினேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அதற்குள் தண்டாயுதபாணி அவர் பக்கம் குனிந்தார். குரலில் அத்தனை கனிவு. "வாத்தியாருக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லீங்க. நம்ம ஊட்லதான் குடியிருக்கறாரு, எனக்குத் தெரியாதுங்களா. பெருசா எடுத்துக்காதீங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். ரயில் பாதை வரை நடந்த அத்தனை சாயங்காலங்களும் அந்த ஒரு நிமிஷத்தில் ராயப்பனுக்கு அருவருப்பாகிவிட்டன.

ஆடி பிறப்பதற்குள் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, ஓடைக்கு மேற்கே இருப்பவர்கள் ஒரு மாதத்தில் காலி செய்யவேண்டும். மற்றது ராயப்பனின் வேலைநீக்கம். அதன் அடியில் தண்டாயுதபாணி கையெழுத்துப் போட்டிருந்தார்.

கடைசி வாரத்தில் வண்டிகள் வந்தன. சிலர் ராசிபுரத்துக்கும் சிலர் குமாரபாளையத்துக்கும் போவதாகப் பேசிக்கொண்டார்கள். நல்லம்மாளும் மூத்த மகளும் தறிமரத்தை வண்டியில் ஏற்றத் திணறிக்கொண்டிருந்தார்கள். ராயப்பன் ஓடிப் போய் ஒரு முனையைப் பிடித்தார்.

நல்லம்மாள் மரத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"உடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

"அம்மா, எனக்குத் தெரியாது. என்னையும் ஏமாத்திட்டாங்க."

"இருக்கலாமுங்க." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்க ஊட்டுக்குத் தலைவரு வர்லீங்களே. நீங்கதானுங்க வந்தீங்க."

அவர் கையை எடுத்தார். தாயும் மகளும் மூன்றாம் தடவை முயன்று மரத்தை ஏற்றினார்கள். வண்டி ஓடை மணலில் இறங்கி, சக்கரம் புதைந்து, மெல்ல அக்கரை ஏறியது. ராயப்பன் மற்ற வண்டிகளும் போய் முடியும் வரை அங்கேயே நின்றிருந்தார். யாரும் அவரிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.