அடுத்த கட்டம் ஏன் வரவில்லை

பஸ் டிப்போவில் டூட்டிப் பட்டியல் எழுதுகிறவளுக்கு நண்பர்கள் கிடையாது. காலை ஷிஃப்ட் கேட்டவனுக்கு மாலை போட்டால் சாபம், மாலை கேட்டவனுக்குக் காலை போட்டால் சாபம், இரண்டு பேருக்கும் கேட்டதையே போட்டுவிட்டால் மூன்றாமவன் சாபம். பதினெட்டு வருஷமாக இத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொண்டு, அடித்துப் போட்ட உடம்போடு தினமும் சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டுப் படியேறுவாள். அவளுடைய வீடு அடுத்த தெருவில்தான். அங்கே போய் யாரோடு பேச, சுவரோடா?

"வந்துட்டியா? உக்காரு. ஆட்டத்துல நீதான் ரெண்டாவது ஆளு" என்பார் அண்ணன், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

இருபத்தாறு வருஷம் பதினோராம் நம்பர் பஸ் ஓட்டியவர். டிப்போவில் அவருக்குப் பெயரே பதினொண்ணு. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் அப்படியே சரிந்தார். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது என்றார்கள். பிழைத்தார், ஆனால் இடது கை துவண்டுபோனது. கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார் ஆஸ்பத்திரி டாக்டர். அமுக்கிப் பழகக் கொடுத்த ரப்பர் பந்தை அண்ணன் ஜன்னல் வழியாக வீசினார். கடைசியில் அண்ணிதான் பரணில் ஏறி அந்தப் பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கினாள். அண்ணனும் தங்கையும் பள்ளிக்கூடம் போன காலத்தில் அப்பா வாங்கிப் போட்டது. ஆளுக்கொரு கறுப்புக் குச்சி, அதில் ஒற்றைச் சிவப்புப் பொத்தான்.

ஆட்டம் ஒன்றும் பிரமாதமில்லை. மஞ்சள் வாய் ஒன்று சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும், நான்கு பேய்கள் துரத்தும். அத்தனை புள்ளியையும் தின்று முடித்தால் அடுத்த கட்டம். ஒருவர் செத்த பிறகுதான் மற்றவருக்கு முறை. நான்கு பேயையும் ஒரே நேரத்தில் காட்ட அந்தக் காலத்துப் பெட்டிக்குத் தெம்பு போதாது, அதனால் பேய்கள் விட்டுவிட்டு மினுங்கும்.

"பேய் வர்றதே தெரிய மாட்டேங்குது. திடீர்னு வந்து மேல விழுது. பெட்டிக்கு வயசாயிடுச்சு" என்று அண்ணன் தினமும் அலுத்துக்கொள்வார்.

"பெட்டிக்கு மட்டுமா?" என்பாள் இவள். நாற்பது வருஷத்துக்கு முன்பும் அந்தப் பேய்கள் அப்படித்தானே மினுங்கின? அவர் சொன்னதை அவள் சந்தேகப்படவே இல்லை. அதோடு, அவர் முறை வந்தால் அவள் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிவிடுவாள். தன் முறை வந்ததும் எழுந்து, ஒரே நிமிஷத்தில் செத்துவிட்டு, மறுபடி சாய்வாள். அவர் ஆடுவதை அவள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

கை தேறிவிட்டது. போன வாரம் டிப்போ டாக்டர் கையை அமுக்கிப் பார்த்தார், சுவரில் தொங்கிய எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். வருஷா வருஷம் அதே பலகை. டிப்போவில் எந்த டிரைவரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். அண்ணனும் கடகடவென்று ஒப்பித்தார், டாக்டர் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமையிலிருந்து வேலை. அந்தப் பட்டியலை இவள் இன்றைக்குத்தான் எழுதியிருந்தாள், காலை ஷிஃப்டில் முதல் பெயராக அண்ணன் பெயரை. பதினெட்டு வருஷத்தில் ஒரு பெயரை அவள் சந்தோஷமாக எழுதியது இதுதான். அவருக்குக் காட்டலாமென்று நகல் ஒன்று பையில் இருந்தது.

அதைக் காட்டுவதற்குள் தூங்கிப்போனாள். அண்ணன்தான் உலுக்கி எழுப்பினார்.

"ஏய், இங்க பாரு. எல்லாத்தையும் தின்னு முடிச்சாச்சு. அடுத்த கட்டம் ஏன் வர மாட்டேங்குது?"

அவள் பார்த்தாள். திரையின் வலது பாதி துடைத்துவிட்டது போல இருந்தது. இடது பாதியில் மேலிருந்து கீழ்வரை ஒரு புள்ளி குறையவில்லை.

"இடது பக்கம் இருக்கே, அண்ணே."

"எங்க இருக்கு? தூக்கக் கலக்கத்துல உளறாத."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தினமும் அண்ணன் தட்டில் பாதிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவதும், "என் சமையல் இப்பதான் கசக்குதா?" என்று அண்ணி மூக்கைச் சிந்துவதும் நினைவுக்கு வந்தன. மிஞ்சியது எந்தப் பாதி என்று யாரும் பார்க்கவில்லை. அந்தப் பேய்கள் மினுங்கியதால் மறையவில்லை, இடது பக்கமாக வந்ததால்தான் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மூளையில் வந்த அந்த அடைப்பு கையோடு சேர்த்து அந்தப் பக்கத்துப் பார்வையையும் கொண்டுபோயிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து திங்கட்கிழமை ரோட்டில் ஒரு சைக்கிள் வரும், ஒரு குழந்தை வரும்.

சொல்லத்தான் வேண்டும். ஆனால் எந்த வாயால் சொல்வது? மூன்று மாதமாக அந்த மனிதர் ஸ்டியரிங்கை நினைத்துக்கொண்டுதான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இதையாவது முழுசாகப் படித்துவிட்டால் சொல்ல வேண்டியிருக்காதே என்றுதான் அவள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள்.

"திங்கட்கிழமைப் பட்டியல். பாருங்க."

அண்ணன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். உதடு அசைய மேலிருந்து கீழே படித்தார். மறுபடி மேலே போனார். முகம் சுருங்கியது.

"இது சாயங்கால ஷிஃப்ட் தாளு. காலை ஷிஃப்ட் தாளு எங்க?"

அவள் எழுந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என் பேரைப் போடலையா? எல்லாரும் கை விட்டப்பகூட நீ விடலையேடி."

"ஒரே தாள்தான், அண்ணே." அவருடைய விரலைப் பிடித்துத் தாளின் மேல் வைத்து மெதுவாக இடது ஓரம்வரை இழுத்துக்கொண்டு போனாள். விரலோடு கூடவே அவர் தலையும் திரும்பியது.

அங்கே காலை ஷிஃப்ட் இருந்தது. முதல் பெயர் அவருடையது.

அவர் அந்தப் பெயரை எழுத்து எழுத்தாக விரலால் தொட்டார். பிறகு கழுத்தை நன்றாகத் திருப்பி டிவியைப் பார்த்தார். வரிசை வரிசையாகப் புள்ளிகள். மஞ்சள் வாய் ஆளில்லாமல் ஒரு மூலையில் நிற்க, பேய் வந்து அதைத் தின்றது.

"மொத நாள்லேர்ந்தே அங்கதான் இருந்துச்சா?"

"ஆமாண்ணே. நான் தூங்கிட்டேன்." அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ என்ன பண்ணுவ, நாள் பூரா வேலை பாத்துட்டு வர்றவ." கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். சமையலறையில் அண்ணி தட்டுகளை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"பேனா வச்சிருக்கியா?"

எடுத்துக் கொடுத்தாள். தலையை இடது தோள்வரை திருப்பி, தன் பெயரைத் தானே தேடிக் கண்டுபிடித்து, ஒரே கோடாக அடித்தார். இடது கை தாளை அசையாமல் பிடித்திருந்தது. கை தேறித்தான் இருந்தது.

"உன் முறை வந்துடுச்சு, ஆடு" என்றார். "இன்னைக்குச் சீக்கிரம் செத்துடாத. அந்தப் பக்கத்தை முடி, நான் பாக்கணும்."