ஜன்னல் பக்கத்துக் கன்னம்

முடி முகத்தில் விழாமலிருக்க மருத்துவமனையில் ஒரு தலைப்பட்டை கொடுத்தார்கள். ரோஜா நிறம். மேலே இரண்டு முயல் காதுகள் வேறு. தாக் மன்-சூ அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பார்த்தபடி இருந்தார். கொரியாவின் பூசான் நகரத்து மலைச்சாலைகளில் பேருந்து ஓட்டியே தலை நரைத்த மனிதர் அவர். "வேற இல்லையாம்மா?" என்று கேட்டதற்கு, "எல்லாமே முயல்தான் அப்பா" என்றாள் நர்ஸ் பெண். மாட்டிக்கொண்டார். வேறென்ன செய்வார், பாவம்.

டாக்டர் பியோ நடுவயதுப் பெண்மணி. அதிகம் பேசுகிறவர் இல்லை. அவர் உள்ளே வந்ததும் மேல் விளக்கை அணைத்துவிட்டு, ஓரமாக நின்ற ஒற்றை விளக்கை மன்-சூவின் கன்னத்துக்குப் பக்கவாட்டில் இழுத்து வைத்தார். வெளிச்சம் நேராக விழுந்தால் பள்ளம் தெரியாது, சாய்ந்து விழுந்தால்தான் ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல் விழும் என்றார். கையில் ஒரு கண்ணாடியும் கொடுத்தார். மன்-சூ அதைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டார்.

வாலிபத்தில் வந்த பருக்கள். மற்றவர்களுக்கு வந்தது போயிற்று, இவருக்கு வந்தது லேசில் போகவில்லை. போகும்போது முகத்தைத் தோண்டிப்போட்டுவிட்டுப் போயிற்று.

டாக்டர் விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தார். சில குழிகள் ஊசி குத்தியதுபோலச் சிறுத்து ஆழமாக இருக்கின்றன, சில பெட்டி வடிவில் வெட்டியதுபோல ஓரம் நேராக இருக்கின்றன, அவையெல்லாம் ஒரே மருந்துக்கு அடங்காது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், இடது கன்னத்தில் அலையலையாய்க் கிடந்த ஓரிடத்தை இரண்டு விரலால் விரித்தார்.

"இங்க பாருங்க ஐயா. இழுத்தா மறைஞ்சிடுது. மேல்தோல்ல பெருசா குறை இல்ல. அடியில நார் பிடிச்சுக் கீழே இழுத்துக் கட்டி வச்சிருக்கு."

பிறகு இரண்டு கன்னத்தையும் மாறி மாறித் தொட்டார். "வண்டி ஓட்டுறீங்களா?"

மன்-சூ திடுக்கிட்டுப் பார்த்தார்.

"வலது கன்னத்தைவிட இடது கன்னத்துக்கு வயசு கூட. தடிச்சு, சொரசொரன்னு போயிருக்கு. ஜன்னல் வெயில்."

மனைவி ஓக்-ஹீக்குக்கூடத் தெரியாத விஷயம் அது. அந்த ஊரில் ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். முன்கதவில் ஏறுகிறவர்கள் பார்ப்பது அவருடைய வலது கன்னத்தை மட்டும்தான். அதுவும் அழகில்லை என்றாலும் இரண்டில் அது தேவலை. மோசமான கன்னத்தை ஜன்னலுக்கும் கடலுக்கும் காட்டிக்கொண்டே ஒரு வாழ்நாளை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் வாலிபத்தில் அந்த வேலைக்குப் போனார். ஆனால் மனிதர் பார்க்காத கன்னத்தை வெயில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"கொஞ்சம் சிரிங்க" என்றார் டாக்டர். சிரிக்கும்போது எது எது உள்ளிழுக்கிறது என்று தெரிய வேண்டுமாம். மன்-சூ உதட்டை விரித்தார். அது சிரிப்பாக வரவில்லை, பல் வலிக்காரன் முகம் போல வந்தது. இன்னொரு தடவை முயன்றும் வராததால் டாக்டர் அதை விட்டுவிட்டு, இத்தனை காலம் கழித்து இப்போது ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்.

மகள் சோன்-ஜுவுக்கு இலையுதிர் காலத்தில் கல்யாணம். மண்டபத்தின் நடுவே வெள்ளை விரிப்புப் போட்ட பாதையில் பெண்ணைக் கைபிடித்துக் கூட்டிப்போய் மாப்பிள்ளையிடம் சேர்ப்பது அப்பனுக்கு உரிய வேலை. ஆனால் போன மாதம் சாப்பிடும்போது, கீரை இலையில் இறைச்சியை வைத்துச் சுருட்டிக்கொண்டே, நானும் அவரும் சேர்ந்தே நடந்து வந்துவிடுகிறோம், இப்போதெல்லாம் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். நல்லதாய்ப் போயிற்று, எனக்கும் முட்டிவலி என்று இவரும் சொல்லிவிட்டார். அன்றைக்கு மீதி இறைச்சியை மட்டும் ஓக்-ஹீயின் தட்டுப் பக்கம் தள்ளிவிட்டார்.

"இந்த மூஞ்சியோட சேர்ந்து நடக்க அவளுக்குக் கூச்சம் டாக்டரம்மா. நியாயம்தானே. போட்டோ எல்லாம் எடுப்பாங்க" என்றார். வீட்டில் சொல்ல முடியாததை, முயல் காதோடு உட்கார்ந்து முன்பின் தெரியாத ஒருவரிடம் சுலபமாகச் சொல்ல முடிந்தது. "அதுக்குள்ள சரியாயிட்டா, அவளே கூப்பிடுவாளோன்னு ஒரு நப்பாசை."

டாக்டர் முக்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். அவர் நயமாகச் சொன்னாரே தவிரப் பொய் சொல்லவில்லை. கோடை தொடங்கிவிட்டது, வெயிலில் காய்ந்த தோலில் இப்போது லேசர் வைத்தால் கறுத்துப்போகும் பயம் உண்டு, அதையும் ஊசிக் குழிகளுக்கான மருந்தையும் கல்யாணத்துக்கு அப்புறம் குளிர்காலத்தில் பார்க்கலாம். இப்போதைக்கு அடியில் இழுத்துக் கட்டியிருக்கும் நார்களை மட்டும் ஊசியால் அறுத்துவிடலாம். கன்னிப்போகும், கல்யாணத்துக்குள் தெளிந்துவிடும். சொரசொரப்புக்கு இரவில் ஒரு களிம்பு, காலையில் வண்டி எடுக்குமுன் வெயில் கிரீம். இவ்வளவுதான்.

"பாதியாவது போயிடுமா?"

"குறையும் ஐயா. போகாது. பாதி குறைஞ்சாலே சந்தோஷப்படணும், அதுக்கும் பல தடவை வரணும்."

விடுமுறை நாள் ஒன்றில் ஓக்-ஹீயிடம் சொல்லாமல் போனார். மரத்துப்போக ஊசி போட்டார்கள். பிடித்துக்கொள்ளச் சொல்லி நர்ஸ் பெண் ஒரு கரடி பொம்மையைக் கொடுத்தாள். வலி இல்லை, ஆனால் சத்தம் இருந்தது. தோலுக்கடியில் ஊசி போய் வரும்போது நறநறவென்று, ஈர மண்ணிலிருந்து முள்ளங்கியை வேரோடு பிடுங்குகிற சத்தம். வெளியே யாருக்கும் கேட்காது, அவர் மண்டைக்குள் மட்டும் கேட்டது. இத்தனை வருஷமாய்க் கட்டிக் கிடந்ததா இவ்வளவும் என்று நினைத்தபடி கரடியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் ஓக்-ஹீ வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "யாரு அடிச்சா?"

"பஸ் கதவு இடிச்சிடுச்சு."

"கதவா? அதுக்கு எப்ப கை முளைச்சுது, கன்னத்துல அறைய?"

மறுநாள் பணிமனையில் இன்னும் மோசம். வெயில் கிரீமை எவ்வளவு போடுவது என்று தெரியாமல் இடது கன்னம் முழுக்க அப்பியிருந்தார். பாதிக் கல்யாணப் பொண்ணு வந்திருக்கு பாருங்கடா என்று சக ஓட்டுநர்கள் கேலி செய்தார்கள். அவர் வண்டியை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சோன்-ஜு அழைப்பிதழ்க் கட்டோடு வந்தாள். கல்யாணத்துக்கு அம்மா போடப்போகிற உடுப்பின் அளவு சரியா என்று பார்த்துவிட்டு, பால்கனிக்குப் போனாள். அங்கே அப்பா மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கன்னத்தில் மஞ்சளும் ஊதாவுமாய்க் கன்றல். பஸ் கதவு இடித்த கதையை அம்மா சொல்லியிருந்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். பள்ளி நாளில் அவளுக்கு முதல் பரு வந்த அன்றே தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடியவர் இதே அப்பாதான். முகத்தில் கை வைத்தால் அதட்டுவார். அங்கே போய் வந்த பழக்கத்தில் அவளுக்கு இந்த விஷயங்கள் தெரியும்.

"கதவுல ஊசி இருக்குமாப்பா?" என்றாள். "குத்தின இடம் தெரியுது."

அவர் பழுத்த இலை ஒன்றைக் கிள்ளினார்.

"எதுக்குப்பா இப்பப் போய் இதெல்லாம்?"

"கல்யாணத்துல எல்லாரும் பார்ப்பாங்கல்ல. உன்கூட நடக்கலன்னாலும், முன்வரிசையில உட்காரணுமே."

அவர் சாதாரணமாகத்தான் சொல்லப் பார்த்தார். 'நடக்கலன்னாலும்' என்ற சொல் மட்டும் கோணிக்கொண்டு வந்துவிட்டது. சோன்-ஜு அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வரமாட்டேன்னுதானேப்பா நான் அப்படி ஏற்பாடு பண்ணேன்."

"நான் எப்ப வரமாட்டேன்னேன்?"

"நீ எங்க வந்திருக்க? ஸ்கூல்ல எந்த விழாவுக்கும் அம்மாதான் வருவாங்க. பட்டம் வாங்கின அன்னைக்குக்கூட வாசல்ல பூவைக் குடுத்துட்டு, ட்யூட்டி இருக்குன்னு ஓடிட்ட. அத்தனை பேர் நடுவுல உன்னை நடக்க வச்சு வதைக்க வேணாம்னு பார்த்தேன்." அவள் குரல் இறங்கியது. "எல்லாம் என்னாலதானே. அந்த பேக்கரியில நான் சொன்னதால."

மன்-சூவின் கையிலிருந்த தண்ணீர்க் குவளை அப்படியே நின்றது.

அந்த ஊர் பேக்கரிகளில் கோம்போ பன் என்று ஒன்று உண்டு. மேலே பொரபொரவென்று இனிப்பு மாவு பிளந்து நிற்கும் பன். தழும்பு முகத்துக்காரனை நையாண்டி செய்கிற சொல்லும் அதே கோம்போதான். வாலிபத்தில் பணிமனையில் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சோன்-ஜுவுக்கு ஐந்து வயதிருக்கும்போது, கடையில் அந்தத் தட்டைக் காட்டி, "அப்பா பன் வேணும்" என்று உரக்கக் கேட்டாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். வாங்கிக் கொடுத்தார். குழந்தைக்கே தெரிந்துவிட்டது, இனி இவளுடைய பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முன்னால் போய் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தார். அந்த நாள் அவளுக்கு ஞாபகம் இருக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

"அதுக்கப்புறம் நீ அந்தக் கடைப்பக்கமே போகல" என்றாள் சோன்-ஜு. "ஏதோ தப்பாச் சொல்லிட்டோம்னு மட்டும் தெரிஞ்சுது. என்னன்னு புரிய ரொம்ப வருஷமாச்சு. அப்புறம் கேட்க பயமா இருந்துச்சு."

இத்தனை காலமும் கேட்காததை அவர் கேட்டார். "ஏன் அப்படிச் சொன்ன?"

"சொரசொரன்னு இருந்துச்சு, அதான். நீ வேலை முடிஞ்சு வந்து தூங்கிட்டிருக்கிற என் கன்னத்துல கன்னத்தை வைப்பல்ல? கண்ணைத் திறக்காமலே அப்பான்னு தெரியும். அந்த பன்னைத் தொட்டப்ப அதே மாதிரி இருந்துச்சு. எனக்கு அந்த மேல்பக்கம்தான் ரொம்பப் பிடிக்கும்."

ஏற்கெனவே நனைந்த மண்ணில் மறுபடி தண்ணீர் ஊற்றினார். நூடுல்ஸ் ஊறிக் கூழாகிறது, அப்பனும் மகளும் செடிக்குப் பாடமா நடத்துகிறீர்கள் என்று உள்ளேயிருந்து ஓக்-ஹீ சத்தம் போட்டாள்.

"மண்டபத்துக்காரங்ககிட்ட மாத்திச் சொல்ல முடியுமா?" என்றார், மெதுவாக.

"முடியும்."

"ஆனா அந்தப் பாதையில ரெண்டு பக்கமும் ஆளுங்க இருப்பாங்களே. நான் எந்தக் கன்னத்தைக் காட்டுறது?"

அவளுக்குப் புரியவில்லை. பேருந்து இருக்கையின் கதையை முதன்முதலாக ஒரு மனிதரிடம் சொன்னார். கேட்டுவிட்டு அவள் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தன்று கன்றல் தெளிந்திருந்தது. இடது கன்னத்தில் ஒன்றிரண்டு பள்ளம் மேலே வந்திருந்தது, உற்றுப் பார்த்தால் தெரியும். மற்றபடி அதே முகம்தான். குளிர்காலத்து லேசருக்குப் பெயர் கொடுத்து வைத்திருந்தார். அது வேறு விஷயம், அது அவருக்காக.

கதவு திறந்தது. மண்டப விளக்குகள் அணைந்து, பக்கவாட்டிலிருந்து ஒரே ஒரு பெரிய வெளிச்சம் பாதைமேல் விழுந்தது. சாய்ந்த வெளிச்சம் என்ன செய்யும் என்று அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஒவ்வொரு குழிக்கும் ஒரு நிழல் விழும். கால் ஒரு கணம் தயங்கியது. சோன்-ஜு கையுறை போட்ட கையால் அவர் கையை இறுக்கினாள்.

நடந்தார். நடக்க ஆரம்பித்ததும் வண்டி ஓட்டுகிற பழக்கம் வந்துவிட்டது. இடக் கண்ணாடி, வலக் கண்ணாடி, மறுபடி இடம். இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார், வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். வளைவில் பேருந்தைத் திருப்புகிறவர் போல ஒருவரையும் விடாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனார். பணிமனை ஆட்கள் மூன்றாம் வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அப்பா, நேரா பாரு" என்று முக்காட்டுக்குள்ளிருந்து மகள் முணுமுணுத்தாள். "இது பஸ் இல்ல."

மன்-சூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் சிரிக்கச் சொல்லாமல், அந்த விளக்கு முழுசாக விழுகிற பக்கம் முகத்தைத் திருப்பியபடியே, அவர் சிரித்தார்.